கோணல் மேகம்

"சாம்பலா, மேகமா? சட்டுனு சொல்லும்மா!" விமான நிலைய வானிலை அதிகாரி போனில் பறந்தார்.

லிடார் அறையில் அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தொலைவில் ஓர் எரிமலை நேற்று குமுறியிருந்தது. இதய ஆபரேஷனுக்காக அவளுடைய அண்ணனை ஏற்றிக்கொண்ட ஆம்புலன்ஸ் விமானம், இங்கே வருவதற்காக வேறோர் ஊரில் காத்து நின்றது. இந்த ஊர் வானத்தில் தெரிவது சாம்பல் என்றால் கிளம்பாது.

மாடியிலிருக்கும் லிடார் கருவி வானத்துக்கு லேசர் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும். மேகத்தின் நீர்த்துளி உருண்டை; பட்ட ஒளியின் அதிர்வு நேராகவே திரும்பும். சாம்பல் கரடுமுரடு, திரும்பும் அதிர்வு கோணிக்கொள்ளும்.

திரையில் கோணல் எகிறிக் கிடந்தது.

"சாம்பலேதான். சொல்லிருங்கக்கா," என்றான் புயல். அவன் வேகத்துக்கு அலுவலகம் சூட்டிய பெயர் அது.

மேகமாக இருக்கக் கூடாதா என்று மனசு கெஞ்சியது. கெஞ்சுகிற மனசை நம்பி வாயைத் திறக்க முடியுமா? திரையை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தாள்.

"புயலு, இங்க பாரு. அந்த அடுக்குக்குக் கீழ வெறும் சுத்தமான காத்து. அதுவும் கோணலா காட்டுது!"

"காத்துக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"காத்துக்கு இல்ல, உனக்கு! காலைல சரிபார்க்கறதுக்காகக் கருவியில ஒளியைக் கோணலாக்குற தகட்டைத் திருப்பினியே, பழையபடி வச்சியா?"

புயல் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அந்த நேரம் பார்த்து டீ வந்துச்சுக்கா..."

சொல்லி முடிப்பதற்குள் மாடிப்படியில் இருந்தான்.

தகடு பழைய நிலைக்கு வந்ததும், சுத்தக் காற்றின் கோடு தரையோடு படுத்தது. மேலே இருந்த அடுக்கின் கோடும் மெல்ல இறங்கி அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. அத்தனையும் உருண்டைத் துளிகள்.

"மேகம் சார். வெறும் மேகம்!" என்றாள் போனில்.

"நிச்சயமா?"

"அந்த விமானத்துல வர்றது எங்கண்ணன் சார். நிச்சயமில்லாம சொல்வேனா?"

மாலையில் அண்ணி போன் செய்தாள். "ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்துட்டோம். இறங்கும்போது மேகத்துல ஒரே குலுக்கல். 'நாள் பூரா மேகத்தையே பார்க்குறாளே, அதைக் கொஞ்சம் ஓரமா தள்ளி வைக்கக் கூடாதா'ன்னு உங்கண்ணன் உன்னைத் திட்டித் தீர்த்துட்டார்."

திட்டுகிற தெம்பு இருக்கிறது. அவள் சிரித்தாள், கண்ணும் நிறைந்தது.

புயல் சத்தமில்லாமல் டீ கொண்டுவந்து வைத்தான். "தகட்டைப் பார்த்துட்டுத்தான் வாங்கினேன்க்கா."