கும்பிடு போட்ட மாமன்

கோகுலகிருஷ்ணனின் போனில் எண்பத்தாறு குரூப்புகள் இருந்தன. சிரிக்க வேண்டாம். ஜமுனாமரத்தூர் பஸ் நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவனுக்கு எண்பத்தாறு வராமல் எட்டா வரும்? சாதிச் சான்றிதழ், பட்டா நகல், ஆதார் திருத்தம், காலேஜ் விண்ணப்பம் என்று யார் எதற்கு வந்தாலும், போகிறபோது "அண்ணே, உங்க நம்பர நம்ம குரூப்புல சேத்துடறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார்கள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. சாமை விவசாயிகள் குரூப், வேன் ஓட்டுநர்கள் குரூப், பத்தாம் வகுப்பில் கூடப் படித்தவர்கள் குரூப், அதில் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தவர்கள் தனியாக ஆரம்பித்த இன்னொரு குரூப். காலையில் கண் விழிப்பதற்குள் முந்நூறு செய்தி. இருநூற்றைம்பது பூவும் காலை வணக்கமும், முப்பது வெந்தயத் தண்ணீர் வைத்தியம். மிச்சம் இருபதில்தான் விஷயமே இருக்கும். அந்த இருபதைப் பொறுக்கி எடுப்பதற்குள் மனுஷனுக்குத் தாவு தீர்ந்துவிடும்.

தாவு தீர்ந்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆடி மாதம் ஒரு பெண்ணின் காலேஜ் விண்ணப்பத்தில், அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அந்த நேரம் போனில் வந்து விழுந்த கல்யாணப் பத்திரிகையின் மாப்பிள்ளை பெயரை அடித்துத் தொலைத்துவிட்டான். அந்தப் பெண்ணின் அம்மா சென்டர் வாசலில் நின்று கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. அன்றைக்கே அவன் ஒரு முடிவுக்கு வந்தான். கவனத்தைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று ஒருவர் பேசிய நாற்பது நிமிட வீடியோவை, வாசலில் ஆறு பேரைக் காக்க வைத்துவிட்டு, முழுசாகப் பார்த்தான்.

வீடியோவிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒன்று வரை போன் சத்தமில்லாமல் மேஜை டிராயருக்குள் போய்விடும். இன்னொன்று அவனே கண்டுபிடித்தது. வருகிற செய்தியை எல்லாம் படித்துக்கொண்டிருக்காமல், ஒவ்வொன்றுக்கும் கீழே கைகூப்புகிற படத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பது. அடடா, கும்பிடு மாதிரி தோதான பதில் உலகத்தில் வேறு எது இருக்கிறது! வாழ்த்துக்கும் பொருந்தும், சாவுக்கும் பொருந்தும். நன்றி என்றும் வைத்துக்கொள்ளலாம், சரி என்றும் வைத்துக்கொள்ளலாம். பதிலே போடுவதில்லை என்று ஒருத்தரும் கோபித்துக்கொள்ள முடியாது. "நம்ம கோகுலு மரியாத தெரிஞ்சவன்" என்று சொந்தக்காரர்கள் குரூப்பிலேயே பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுக்கும் ஒரு கும்பிடு போட்டான்.

பொய் சொல்லக் கூடாது, பலன் இருந்தது. விண்ணப்பங்களில் தப்பு நின்றது. தலைவலி போயிற்று. மகனின் பள்ளிக்கூடத்துக்காகக் கணியம்பாடியில் தன் அம்மா வீட்டில் இருந்த மனைவி ஆனந்தியிடம், வாரக் கடைசியில் போகும்போதெல்லாம் இதைப் பற்றிப் பீற்றிக்கொண்டான். அவள், "எல்லாம் சரி, பாக்கறதுக்குன்னு ஒன்னு ரெண்டாவது மிச்சம் வெச்சிக்கோ" என்றாள். அதற்கும் தலையை ஆட்டினான்.

அவனுக்குத் தங்கை ஒருத்தி, சிவசங்கரி. ஆறு வயது சின்னவள். செங்கம் பக்கத்தில் மலையடிவாரத்து ஊரில் கோவிந்தன் என்கிற விவசாயிக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. அப்பா போய்ப் பதினைந்து வருஷம். அம்மா போய் இரண்டு வருஷம். அம்மா போனதும் வீட்டைப் பூட்டி சாவியை இவன் எடுத்து வந்துவிட்டான். ஆக, சிவசங்கரிக்குப் பிறந்த வீடு என்றால் இனிமேல் இந்த அண்ணன் ஒருத்தன்தான். அவள் மாமியார் ஏதாவது குத்தலாகப் பேசினால்கூட, "எங்க அண்ணன் வந்து கேக்கும்" என்று சொல்வாள். கேட்கிற அளவுக்கு இவனிடம் பெரிய சாமர்த்தியம் எதுவும் கிடையாது. ஆனாலும் அதை அவள் சொல்வது இவனுக்குப் பிடிக்கும்.

அவள் மகள் யோகிதாவுக்கு மூன்றாவது வயது நடந்துகொண்டிருந்தது. காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, மாமன் கொண்டுவந்த தோட்டைப் போட்டால்தான் அது காதுகுத்து. தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணனும் தங்கையும் பேசி வைத்திருந்தார்கள். எந்தத் தோடு என்று அவன் படம்கூடப் பார்த்து வைத்திருந்தான். நான்கு மடி இருக்கிற குடும்பமா அது? ஒரே மடி, அது அவனுடையது.

கார்த்திகை முதல் வாரம் மழை விடாமல் கொட்டி, மலைப்பாதையில் மண் சரிந்து, இரண்டு நாள் பஸ் இல்லை, கரண்ட் இல்லை, டவரும் இல்லை. மூன்றாம் நாள் டவர் உயிர் பெற்றதும் ஆயிரத்து நூறு செய்திகள் ஒரே மூச்சில் வந்து கொட்டின. கோகுலகிருஷ்ணன் டீ ஆறுவதற்குள் வேலையை முடித்துவிடும் ஆத்திரத்தில் கட்டை விரலை ஓட்டினான். கும்பிடு, கும்பிடு, கும்பிடு. சொந்தக்காரர்களின் 'மாமன் மச்சான்' குரூப்பில் மட்டும் வரிசையாக ஐந்து. மூன்று காலை வணக்கத்துக்கு, ஒன்று யாரோ ஒருவரின் நினைவு நாளுக்கு, ஒன்று சிவசங்கரியின் குரல் செய்திக்கு. இரண்டு நிமிடம் நாற்பத்தெட்டு நொடி. குழந்தை ஏதாவது பாட்டுப் பாடியிருக்கும், அப்படித்தான் அடிக்கடி அனுப்புவாள், சாவகாசமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தான். சாவகாசம் வரவில்லை.

அதற்கு அடுத்த வாரம் புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு அவன் டிராயரைத் திறந்து போனை எடுத்தபோது, முப்பத்தொரு அழைப்புகள் தவறியிருந்தன. பத்தொன்பது சிவசங்கரி. மிச்சம் ஆனந்தி. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறி ஆனந்தியைக் கூப்பிட்டான்.

"எங்க பூட்ட நீ?" என்று எடுத்த எடுப்பில் கத்தினாள் ஆனந்தி. "பாப்பாவுக்கு இன்னிக்குக் காது குத்தறாங்க, தெரியுமா தெரியாதா?"

"இன்னிக்கா? தையில தான?"

"மெய்யாலுமே உனக்குத் தெரியாதா? நீதான் சரின்னு சொன்னியாம். கோயில்லருந்து சங்கரி எனக்குப் போன் பண்ணி, 'அண்ணி, கெளம்பிட்டீங்களா'ன்னு கேக்குது. எனக்கு ஒன்னுமே தெரியாதேம்மான்னு சொல்லிட்டேன். ஒடனே அது போன வெச்சிடுச்சி. அசிங்கமா பூட்ச்சி."

"நான் எப்ப சரின்னு சொன்னேன்?"

"அத உன் போன்ல பாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பார்த்தான். விரல் வலிக்க வலிக்கத் தள்ளித் தள்ளி, பூக்களையும் வெந்தயத்தையும் தாண்டி, பத்து நாள் பின்னே போய், அந்தக் குரல் செய்தியைப் பிடித்தான். கீழே அவனுடைய கும்பிடு. அதற்குக் கீழே, அவனைப் பார்த்து மற்றவர்கள் போட்ட ஒன்பது கும்பிடுகள். நாற்பத்தொரு பேர் இருந்த குரூப்பில் எத்தனை பேர் காது கொடுத்துக் கேட்டார்களோ, அந்தப் பச்சையம்மனுக்குத்தான் வெளிச்சம். அவன் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்டான்.

"அண்ணா, ரெண்டு வாட்டி போன் போட்டேன், லைன் கெடைக்கல. குரூப்புல போட்டா நாலு பேராவது பாத்துட்டு உனக்குச் சொல்லுவாங்கன்னு இதுல பேசறேன். தையில வெச்சிக்கலாம்னு சொன்னமில்ல, கணக்கு தப்பாயிடுச்சிணா. மார்கழில பாப்பாவுக்கு நாலு பொறந்துடுது. ரெட்டப்பட வயசுல குத்தக் கூடாதுன்றாங்க. அதனால அடுத்த வாரம் புதன்கெழம, காலைல ஒம்பதுலருந்து பத்தரைக்குள்ள, நம்ம பச்சையம்மன் கோயில்ல. நேர்ல வந்து வெத்தல பாக்கு வெச்சி அழைக்கணும், தெரியும். ரோட்ல மண்ணு சரிஞ்சி பஸ்ஸு வரல, கோச்சிக்காத. உனக்குத் தோதுப்படலன்னா சொல்லுணா, நான் வேற நாள் பாக்கறேன். நீ சரின்னு சொன்னாதான் மத்தவங்களுக்குச் சொல்லுவேன். அம்மா இருந்திருந்தா அதுவே உன்ன இழுத்துக்கினு வந்திருக்கும். இப்ப நீதான் எல்லாம். தோட்ட மறந்துட்டு வந்து நிக்காத, எரும. வந்துடு, இன்னா?"

இப்படி ஒரு தங்கை ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கிறாள். சரி, இல்லை, இரண்டில் ஒன்று. இந்தப் புண்ணியவான் கும்பிடு போட்டிருக்கிறான். அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு ஊரையே கூட்டிவிட்டாள். அண்ணன் கைகூப்பிச் சொன்ன பிறகு திருப்பிக் கேட்பாளா?

சென்டரை அப்படியே போட்டுவிட்டு பைக்கை எடுத்தான். மண் வாரிக் கொட்டிய இடங்களில் பாதை சகதியாகக் கிடந்தது. வளைவுக்கு வளைவு, என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்தான். அவள் திட்டுவாள். நன்றாகத் திட்டட்டும். அம்மா சாவுக்குக்கூட இவ்வளவு அழுகை அவனுக்கு வந்ததில்லை. வெட்கம் கெட்டவன் மாதிரி ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டே போனான்.

தங்கை வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்றரை. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கோவிந்தனின் தாய்மாமன் ராஜவேலு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாயில் வெற்றிலை. இவனைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளைத் தட்டினார்.

"வந்துட்டியா மாப்ள? பாவம்பா நீ. பாதி மலையில மாட்டிக்கினியாமே. மறுபடி மண்ணு சரிஞ்சிடுச்சாம்?"

கோகுலகிருஷ்ணனுக்குப் புரியவில்லை.

"சங்கரிதான் சொல்லிச்சி. காலைல அஞ்சு மணிக்கே கெளம்பிட்டியாம், ரோட்ல வண்டி அந்தப் பக்கமும் போவல, இந்தப் பக்கமும் வரலியாம். தோட்டோட நீ அங்க கெடந்து தவிச்சிக்கினு கீறன்னு சொல்லி அது அழுவுது. எங்களுக்கே கண்ணு கலங்கிடுச்சி. கடசில சுப்பிரமணிதான் மடி குடுத்தான். தோடு? அவன் பொண்ணு காதுல இருந்தத கழட்டிக் குடுத்தான். நல்ல மனசுப்பா."

சுப்பிரமணி கோகுலகிருஷ்ணனின் சித்தப்பா மகன். கொத்தனார் வேலை. பட்டன் வைத்த போன் ஒன்று வைத்திருக்கிறான், அதில் பேசலாம், பேசினால் கேட்கும், அவ்வளவுதான். விருந்தாளியாகச் சாப்பிட வந்தவன், மாமனாகி எழுந்து போயிருக்கிறான். கோகுலகிருஷ்ணன் ராஜவேலுவுக்கு என்ன பதில் சொல்வது? "ஆமாங்க, மண்ணு" என்றான். தங்கை அவனுக்காகச் சொன்ன பொய்யை அவனும் ஒருமுறை சொன்னான். நாக்கு கூசியது.

உள்ளே சிவசங்கரி மிச்ச சோற்றைத் தூக்குகளில் போட்டுக்கொண்டிருந்தாள். பட்டுப் புடவைதான், கொசுவத்தை இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தாள். பாயில் குழந்தை தூங்கியது. காது மடல்கள் சிவந்து வீங்கி, நடுவில் பொட்டுப் பொட்டாகத் தோடு. நிலைப்படியில் நிழல் தட்டியதும் அவள் நிமிர்ந்தாள்.

"வாங்க" என்றாள்.

தனக்குப் பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் போல என்று அவன் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் இல்லை.

"உக்காருங்க. எல போடறேன்."

"ஏய் சங்கரி, இன்னாடி இது, வாங்க போங்கன்ற?"

அவள் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். வடை, பாயசம், சாம்பார் எல்லாம் வைத்தாள். மாப்பிள்ளை வீட்டு ஆட்களுக்கு எப்படிப் பார்த்துப் பார்த்து வைப்பாளோ அப்படி வைத்தாள். அவன் இலையின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். ஆயிரத்து நூறு செய்தி, டிராயர், குழந்தைப் பாட்டு என்று நினைத்தது, கும்பிடு. சொல்லச் சொல்ல அவனுக்கே அது கேவலமாகக் கேட்டது. வெளியூரில் இருந்தேன், ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்று சொல்ல முடிந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"தப்பு என்னுதுதாங்க" என்றாள் அவள். குரலில் குத்தல் ஒன்றும் இல்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "ஒங்களுக்கு ஆயிரம் வேல இருக்கும். குரூப்புல போட்டது நான்தான."

"அவங்ககிட்ட எதுக்குடி பொய் சொன்ன? வரலன்னு சொல்லி இருக்க வேண்டியதுதான."

"எங்க மாமியார் முன்னாடி எப்பிடிங்க சொல்றது? எனக்குன்னு கேக்க ஆளு இருக்குதுன்னு இத்தினி நாளா சொல்லிக்கினு இருந்தனே." தூக்கின் மூடியை அழுத்திச் சாத்தினாள். "சாப்டுங்க, ஆறிடும்."

"வர்ற வாரம் தோடு வாங்கினு வரேன். ஆனந்தியையும் இட்டுக்கினு வரேன். பாப்பாவுக்கு நானே போட்டு விடறேன்."

"இருக்கட்டுங்க. புண்ணு ஆறுற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அப்பறம், சுப்பிரமணி அண்ணன் அது பொண்ணு காதுலருந்து கழட்டிக் குடுத்தத நான் எப்பிடி மாத்துவேன்? இனிமே எது வெச்சாலும் அதுகிட்ட சொல்லி அனுப்பறேன். அது உங்களுக்கு வந்து சொல்லும்."

அவன் சாப்பிட்டான். சாப்பிடாமல் எழுந்தால் அதற்கும் வெளியே அவள் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும். குழந்தையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தான், எழுப்பத் தைரியம் வரவில்லை. கிளம்பியபோது சிவசங்கரி தெரு வரைக்கும் வந்தாள். இத்தனை வருஷத்தில் அண்ணனை வழியனுப்ப அவள் தெருவுக்கு வந்ததே இல்லை. அடுப்படியிலிருந்தே, "பாத்துப் போடா, வளைவுல ஆரன் அடி" என்று கத்துவாள், அவ்வளவுதான்.

"பாத்துப் போய்ட்டு வாங்க" என்றாள்.

வண்டியில் ஏறியவன் இறங்கிவிட்டான். பந்தல்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

"சங்கரி, உன் கால்ல வேணும்னாலும் வுழறேன். ஒரே ஒரு வாட்டி என்னத் திட்டுடி. எரும, நாயின்னு எதுனா சொல்லு."

அவள் அவனை நேராகப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் முந்தானையை இழுத்துத் தோளோடு போர்த்திக்கொண்டு மரியாதையாகவே சொன்னாள்.

"நீங்க பெரியவங்க. உங்களப் போயி எப்பிடிங்க திட்றது?"