கும்லா வரை ஒரு கோடு

சிவப்ரியாவுக்கு மேப் பைத்தியம் என்று காரைக்கால் பக்கத்து அந்த ஆரம்ப சுகாதார நிலையம் முழுக்கத் தெரியும். நர்ஸ் வேலை கொஞ்சம் ஓய்ந்தால் போதும், செல்போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். வழி காட்டுகிற மேப் இல்லை அது. ஊரைத் தொட்டால் அந்த ஊர்ச் சொல்லை ஒரு குரல் சொல்லும். அதற்கு வேற்று மொழிகளில் எங்கெங்கே சொந்தம் இருக்கிறதென்று கோடு போட்டுக் காட்டும். மருந்து கொடுக்கும் ஹஃபீஸா திருமலைராயன்பட்டினத்துக்காரி, குழம்பை ஆணம் என்பவள். அவளையும் இழுத்து உட்காரவைத்து, ஆணத்துக்குக் கடல் தாண்டிக் கோடு தேடியிருக்கிறாள். இது சோறு போடுமா என்று ஹஃபீஸா கேட்காத நாளில்லை.

அன்று காலை, பக்கத்து ஊரான பூவத்தில் நடவுக்கு வந்திருந்த வடக்கத்திப் பெண் ஒருத்தி, வாந்திபேதியில் துவண்டுபோன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உடனே டிரிப்ஸ் ஏற்றாவிட்டால் பிள்ளை தங்காது என்றார் டாக்டர். ஊசியைப் பார்த்ததுதான் தாமதம், அந்தத் தாய் பிள்ளையை வாரிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். தமிழ் தெரியாது, ஹஃபீஸாவின் அரைகுறை இந்தியும் ஏறவில்லை. பெற்றவளிடமிருந்து பறிக்கவா முடியும்? சிவப்ரியா அவளுடைய சீட்டை எடுத்துப் பார்த்தாள்.

ஆதார் அட்டையைப் பார்த்து எழுதிய சீட்டில் ஊர் கும்லா, ஜார்க்கண்ட் என்றிருந்தது. மேப்பில் கும்லாவைத் தொட்டாள். குடுக் என்று, தமிழுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு மொழியின் பெயர் வந்தது. கண்ணில் பட்ட முதல் சொல்லை அழுத்தினாள். காரைக்காலிலிருந்து ஒரு கோடு கிளம்பி, கோதாவரியைத் தாண்டி, காடு மலையெல்லாம் தாண்டிக் கும்லாவில் போய் நின்றது. 'பல்' என்றது ஒரு பெண்குரல்.

வாசலில் அந்தத் தாய் நின்றுவிட்டாள்.

சிவப்ரியா தன் பல்லைத் தொட்டுக் காட்டி, "பல்" என்றாள்.

"பல்" என்றாள் அவளும். பிறகு சிவப்ரியாவின் தலையில் இருந்த பூவைக் காட்டி, "பூம்ப்" என்றாள்.

சிவப்ரியாவுக்கு மெய்சிலிர்த்தது. எத்தனை ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பிரிந்தோமோ, யார் எந்தப் பக்கம் நடந்துபோனோமோ, பல்லும் பூவும் இவள் வாயிலும் அப்படியே இருக்கிறதே என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. கையை நீட்டினாள். அந்தத் தாய் பிள்ளையைக் கொடுத்தாள்.

ஆயிரம் பிள்ளைகளுக்கு ஊசி போட்டவளுக்கு அன்றைக்கு இரண்டாவது தடவைதான் நரம்பு கிடைத்தது. அதுவரை அந்தத் தாய் சிவப்ரியாவின் வெள்ளைக்கோட்டு நுனியைப் பிடித்தபடி நின்றாள்.

மத்தியானம் பிள்ளை கண்ணைத் திறந்தது. சுற்றுமுற்றும் பார்த்து, "ஆயோ" என்றது.

சிவப்ரியா செல்போனை எடுக்கப் போனாள்.

"அத வையிடி" என்றாள் ஹஃபீஸா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பெத்தவளக் கூப்புடுது."