சாம்பல் நிற அட்டைக்காரர்கள்

அந்தப் பிள்ளைகளை நான் கடைசியில் கண்டுபிடித்தது பாத்திரம் கழுவும் அறையில். மொத்தம் இருபத்திரண்டு பேர், பதினான்கு வயதுப் பிள்ளைகள். எல்லோர் தலையிலும் சமையலறையில் போடும் வலைத்தொப்பி. கழுவும் இயந்திரத்திலிருந்து ஆவி பறக்க, உணவகத்தின் மேலாளர் தட்டுகளை அடுக்கும் முறையை அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவரிடம் சொன்னதை அவர் செய்தார்.

என் பெயர் வீட்ஸ்கே ஹோக்ஸ்ட்ரா. ஓவர்டைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அலைக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவள். நாற்பது மீட்டர் நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதன் ஒரு முனையில் இயந்திரப் பலகை தண்ணீரைத் தள்ளி அலை எழுப்பும். மறுமுனையில் கடலணையின் சிறிய மாதிரி நிற்கும். எந்தப் புயலுக்கு எந்த அணை தாங்கும் என்பதை இங்கே உடைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். இந்த வேலையோடு, ஒவ்வொரு மார்ச்சிலும் பள்ளிப் பிள்ளைகளை வளாகத்துக்கு வரவழைத்து, அறிவியல், பொறியியல் வேலைகள் எப்படி இருக்கும் என்று காட்டும் நாளையும் ஆறு வருடங்களாக நான்தான் ஏற்பாடு செய்துவந்தேன்.

ஆறு வருடமும் வந்தவர்கள் ஒரே மாதிரிப் பிள்ளைகள். எங்கள் நாட்டில் பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைகளைச் சலித்துவிடுவார்கள். ஒரு தேர்வு, ஒரு ஆசிரியரின் அபிப்பிராயம், அவ்வளவுதான். மேலே தங்கியவர்கள் லத்தீன் படிக்கலாம், பல்கலைக்கழகம் வரலாம். கீழே விழுந்தவர்கள் தொழிற்பிரிவுக்குப் போய் இரும்பையும் மின்கம்பியையும் பழக வேண்டும். கீழே விழுந்தவர்களில் பாதிப் பேர் துறைமுகப் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து வருவது மட்டும் எப்படியோ தற்செயலாகவே நடந்துவிடும். நானும் அந்தக் கீழ்ப்பிரிவில் படித்தவள்தான். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி இங்கே வர எனக்குப் பதினொரு வருடம் ஆயிற்று. அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை.

பொறியாளர் போதவில்லை, தொழில்நுட்பம் தெரிந்த கைகள் போதவில்லை என்று எங்கள் டீன் மேடைக்கு மேடை புலம்புவார். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஏழாவது வருடம் துறைமுகப் பக்கத்திலுள்ள ஒரு தொழிற்பிரிவுப் பள்ளிக்கு எழுதினேன். மார்லூஸ் என்ற ஆசிரியை அன்றே பதில் போட்டாள். "ஆறு வருஷமா வேற வேற இடத்துக்கு எழுதிப் பாத்துட்டேன். எங்கள யாராச்சும் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை" என்று எழுதியிருந்தாள்.

மக்கள் தொடர்புப் பிரிவின் தலைவன் புளோரிஸுக்கு அது பிடிக்கவில்லை. முப்பத்து நான்கு வயது, எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை, யாரையும் நோகடிக்காத சிரிப்பு.

"வீட்ஸ்கே, நல்ல எண்ணந்தான். ஆனா அவங்க நம்ம இலக்கே இல்லையே. இங்க வந்து சேரவே முடியாத பிள்ளைங்களுக்கு ஆசை காட்டுறது பாவம் இல்லையா?"

"சேர முடியாதுன்னு யார் சொன்னா? ரெண்டு படி சுத்தி வரணும். அவ்வளவுதானே."

"சரி சரி. நீங்க சொன்னா சரிதான்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நம்பியது என் தப்பு.

அவர்களுக்கு அலைக்கூடத்தில் பத்தரை மணி என்று நேரம் ஒதுக்கியிருந்தேன். அன்று காலை தொட்டியை நிரப்பி, அணை மாதிரியில் கல் கல்லாக அடுக்கி வைத்துக் காத்திருந்தேன். பத்தரைக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்தவர்கள் கழுத்தில் நீல அட்டை தொங்கும் ஜிம்னாசியம் பிள்ளைகள், அதாவது லத்தீன் படிக்கும் மேற்பிரிவுப் பள்ளிக்காரர்கள். ஆளுக்கொரு வெள்ளை மேலங்கி வேறு. "எங்களுக்குத்தான் இந்த நேரம்" என்று அவர்களுடைய ஆசிரியர் தாளைக் காட்டினார். திட்டத்தை என்னிடம் சொல்லாமலே மாற்றியிருந்தார்கள். தொட்டியை என் உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே ஓடினேன். இருபது நிமிடம் தேடிய பிறகுதான் உணவகத்துக் கதவைத் தள்ளினேன்.

மார்லூஸ் சுவரோரமாக நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"இது என்ன?" என்றேன்.

"நீங்கதான சொல்லணும்?" என்று அவள் தாளை நீட்டினாள். நான்காம் குழு, சாம்பல் நிற அட்டை. 'வளாகத்தைத் தாங்கும் கைகள்: உணவு, துப்புரவு, பராமரிப்பு' என்று அழகான எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். முதலில் சைக்கிள் நிறுத்துமிடம், பிறகு குப்பை பிரிக்கும் கூடம், பிறகு இங்கே.

பாத்திரம் கழுவுவது கேவலம் என்று நான் சொல்ல வரவில்லை. என் அம்மா முப்பது வருடம் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் நின்றவள். ஆனால் அறிவியலைப் பார்க்க வாருங்கள் என்று கடிதம் போட்டு அழைத்துவிட்டு, பள்ளியின் பெயரைப் பார்த்ததும் தலையில் வலையை மாட்டிவிட்டால் அதற்கு என்ன பெயர்?

ஒரு பையன் என்னிடம், "மேடம், வேலைக்கு இப்பவே கையெழுத்துப் போடணுமா, இல்ல சாப்பிட்டுட்டுப் போடலாமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. உயரமான, ஒல்லியான பெண். வலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். அட்டையில் ஜந்தீரா லோப்பெஸ் என்று இருந்தது. கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்த குடும்பம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

"அந்தப் பெரிய தொட்டிய நாங்க பாக்க முடியாதா?" என்று கேட்டாள். "டீச்சர் அதப் பத்தி ஒரு வாரமா பாடம் எடுத்தாங்க."

"தொப்பிய எல்லாரும் கழட்டுங்க" என்றேன். "என் பின்னாடி வாங்க."

தூறலில் நனைந்தபடி வளாகத்தின் குறுக்கே நடந்தோம். அலைக்கூடத்துக்குள் நுழைந்ததும் நீல அட்டைக்காரர்களைக் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொன்னேன். குறை சொல்லக் கூடாது, அந்தப் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் இடம் விட்டார்கள். இவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நான் பலகையை முடுக்கினேன். அலை எழுந்து போய் அணையில் மோதி, மூன்று கற்களைப் பெயர்த்துக்கொண்டு திரும்பியது. "ஓ!" என்று மொத்தக் கூடமும் கத்தியது.

ஜந்தீரா கத்தவில்லை. திரும்பி வரும் அலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், அணையில மோதித் திரும்புற அலை மறுபடி இந்தப் பலகையில மோதித் திரும்ப வருமே. கடல்ல அந்தப் பக்கம் பலகை ஏது? அப்ப இது பொய்க் கடல்தானே?"

அந்தக் கேள்வியை என்னிடம் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் கேட்பார்கள், அதுவும் வருடத்துக்கு ஒருவர். திரும்பி வரும் அலையைப் பலகை எப்படி உணர்கிறது, அதை விழுங்கிக்கொள்ள எப்படிப் பின்வாங்குகிறது என்று காட்டினேன். அவள் அத்தோடு விடவில்லை. "முழுசா முழுங்குமா? எவ்வளவு மிச்சம் இருக்கும்? அந்த மிச்சத்த கணக்குல கழிப்பீங்களா?" பத்து நிமிடம் நீல அட்டைக்காரர்களும் சேர்ந்து எங்களைச் சுற்றி நின்று கேட்டார்கள்.

அப்போதுதான் புளோரிஸ் வந்தான். கூடவே ஒரு புகைப்படக்காரர். என்னைத் தூணோரம் இழுத்துக் குரலைத் தாழ்த்தினான்.

"என்ன பண்றீங்க? நான்காம் குழு இப்ப உணவகத்துல இருக்கணும்."

"ஏன் இருக்கணும்?"

"ஏன்னா அதுதான் அவங்களுக்குப் பொருத்தமான வேலை. நிஜமா கிடைக்கப்போற வேலையக் காட்டணும்னு நான் நினைச்சேன். அது மரியாதைதான்."

"மரியாதையா? உன் பிள்ளைய ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டுப் போய்த் தட்டு அடுக்கச் சொன்னா, அதையும் மரியாதைன்னு சொல்லுவியா?"

"என் பிள்ளைக்கு மூணு வயசு."

"அப்ப அந்தத் தேர்வுக்கு இன்னும் ஒன்பது வருஷம் இருக்கு. வேண்டிக்கோ."

அவன் சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டு வாசல் பக்கம் போனான். புகைப்படக்காரர் மட்டும், கண்ணாடியின் முன்னே அலையின் பச்சை வெளிச்சம் முகத்தில் விழ நின்ற ஜந்தீராவைப் படம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை கூட்டம். நான் திட்டத்தை மீறியது முதல் பொருள். அதற்கு முன் மக்கள் தொடர்புப் பிரிவு தயாரித்த பள்ளிகளின் பட்டியலைத் தேடி எடுத்திருந்தேன். ஒவ்வொரு பள்ளிக்கும் எதிரே 'எதிர்பார்க்கும் மாணவர் சேர்க்கை' என்று ஒரு கட்டம். மார்லூஸின் பள்ளிக்கு எதிரே பூஜ்யம். பிள்ளைகள் பேருந்திலிருந்து இறங்குவதற்கு மூன்று வாரம் முன்னாலேயே போட்ட பூஜ்யம். அதை டீன் முன்னால் சத்தமாக வாசித்தேன். டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொற்கள் இன்னும் கவனமா இருக்கணும்" என்றார். கட்டத்தின் தலைப்பை மாற்ற முடிவாயிற்று. பூஜ்யத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த நாளை இனி நான் ஏற்பாடு செய்யப்போவதில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ஜூனில் மார்லூஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். மூச்சு வாங்கப் பேசினாள். "பஸ் ஸ்டாப்ப பாத்தீங்களா?"

போய்ப் பார்த்தேன். ஆளுயரச் சுவரொட்டி. பச்சை வெளிச்சத்தில் ஜந்தீராவின் முகம். கீழே கொட்டை எழுத்தில்: 'இங்கே கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது.'

சமையலறைக்கு அனுப்பிய பிள்ளையின் முகம் அவர்களுக்குச் சுவரில் ஒட்டத் தேவைப்பட்டிருக்கிறது.

ஜந்தீராவின் அம்மா டுல்சே நகரப் பேருந்து ஓட்டுபவர். முப்பத்து நான்காம் தடத்தில் பயணிகளோடு போய்க்கொண்டிருந்தவர், ஒரு நிறுத்தத்தில் தன் மகள் தன்னையே பார்த்து நிற்பதைக் கண்டு, வண்டியை நிறுத்தி இறங்கி, கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறார். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளி வாங்கிய அனுமதிச் சீட்டு 'அன்றைய நினைவுப் படம்' என்பதற்கு மட்டும்தான்.

மறுநாள் அம்மாவும் மகளும் மார்லூஸும் புளோரிஸின் அறைக்கு வந்தார்கள். என்னையும் வரச் சொன்னது ஜந்தீரா. டுல்சே வேலைச் சீருடையிலேயே இருந்தார்.

"உக்காருங்க, காபி சாப்பிடுங்க" என்றான் புளோரிஸ். "ரொம்ப அழகா வந்திருக்கு இல்ல? நீங்க பெருமைப்படணும்."

"தம்பி, என் பொண்ணு அழகா இருக்கான்னு எனக்குத் தெரியும். நான்தான் பெத்தேன்" என்றார் டுல்சே. "என்னைக் கேக்காம எதுக்கு ஒட்டுன? அத சொல்லு."

"அது ஒரு சின்ன நிர்வாகத் தவறு. மன்னிக்கணும். ஒரு நல்ல பரிசுப்பை தயார் பண்ணி வச்சிருக்கோம்..."

"அந்தக் கதவு எது?" என்றாள் ஜந்தீரா.

"என்னம்மா?"

"கதவு திறந்திருக்குன்னு எழுதியிருக்கீங்களே. எந்தக் கதவு? எங்கள நீங்க கூட்டிட்டுப் போனது உணவகத்தோட பின்கதவு. அதுவா?"

புளோரிஸ் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"போஸ்டர் இருக்கட்டும்" என்றாள் அவள். குரல் கொஞ்சம் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "ஆனா ஒண்ணு எழுதிக் குடுங்க. அடுத்த வருஷத்துல இருந்து எங்க ஸ்கூலும் மத்த ஸ்கூல் மாதிரி எல்லாக் கூடத்தையும் பாக்கணும். ஒரே அட்டை, ஒரே கோட்டு. எழுதிக் குடுத்தா அம்மா கையெழுத்துப் போடுவாங்க."

"அப்படியெல்லாம் உறுதி குடுக்கற அதிகாரம் எனக்கு இல்லம்மா. பேசிப் பாக்கறேன்."

"அப்ப கிழிச்சிடுங்க" என்றாள்.

"எல்லா நிறுத்தத்துலயும் ஒட்டியாச்சு. நூத்திப் பத்து இடம்..."

"எந்தெந்த இடம்னு எனக்குத் தெரியும், தம்பி" என்றார் டுல்சே. "தினமும் அந்த வழியாத்தான் ஓட்டுறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள போகலைன்னா வக்கீலோட வருவேன்."

சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் நூற்றுப் பத்தும் போயின. உள்ளூர்ச் செய்தித்தாள் மோப்பம் பிடித்து டீனைக் கூப்பிட்டது. மார்ச்சில் பூஜ்யத்தைக் கேட்டுக் கண்ணாடி துடைத்த அதே மனிதர், ஜூனில் இரண்டே நாளில், எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே திட்டம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிள்ளைகளின் அவமானம் அசைக்காத பேனாவைச் செய்தித்தாளின் ஒரு தொலைபேசி அழைப்பு அசைத்தது. ஏற்பாட்டை மறுபடி ஏற்றுக்கொள்ளச் சொல்லி என்னிடம் வந்தார். குழுக்களை நானே பிரிப்பேன், பட்டியலில் அந்தக் கட்டமே இருக்கக் கூடாது என்றேன். ஒத்துக்கொண்டார்.

புளோரிஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. இலையுதிர் காலத்தில் அவனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இப்போது இரண்டு தளம் மேலே உட்கார்ந்திருக்கிறான். மின்தூக்கியில் பார்த்தால் அதே சிரிப்பு.

அடுத்த மார்ச்சில் மார்லூஸ் புதிய வகுப்பை அழைத்து வந்தாள். முதல் மணி நேரமே அலைக்கூடம். ஜந்தீரா வரவில்லை, அவள் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள், இந்த நாள் அந்த வயதுக்கு இல்லை. தான் கேட்டு வாங்கியது எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. பள்ளி முடிந்ததும் சேர, நீர்த் தொழில்நுட்பம் கற்றுத்தரும் ஒரு தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள் என்று மார்லூஸ் சொன்னாள். அங்கிருந்து படிப்படியாக ஏறி எங்கள் வாசலுக்கு வர இன்னும் ஏழெட்டு வருடம் ஆகும். ஜிம்னாசியத்தில் படித்திருந்தால் மூன்றே வருடம்.

"கோவமா இருக்காளா?" என்று கேட்டேன்.

"ரொம்ப" என்றாள் மார்லூஸ். "ஆனா கணக்குல வகுப்பிலேயே முதல்."

கூடத்தில் பிள்ளைகள் வெள்ளை மேலங்கிக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் பலகையை முடுக்கினேன்.