மூன்று கைப்பிடி மண்

சுங்கச் சட்டம் என்று ஒன்று இருப்பதே சந்தோஷ்குமாருக்கு மஸ்கட் கிளம்பும்போதுதான் தெரியும். தெரிந்ததும் செவிலிமேடு ஊரே வக்கீலாகிவிட்டது. தங்கம் இவ்வளவுதான் என்றான் ஒருவன், அது பொம்பளைங்களுக்கு என்றான் இன்னொருவன். டிவி கூடாது, சென்ட் பாட்டில் பரவாயில்லை, பேரீச்சம்பழத்தை யாரும் கேட்க மாட்டார்கள். அவன் எடுத்துவரப் போன பொருளைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அது மண். அண்ணன் யேசுதாஸ் அங்கே கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்து, காகிதங்கள் இழுத்தடித்ததில் அந்த ஊரிலேயே அடக்கமாகி எட்டு மாதம் ஆகிவிட்டது. பெற்றவள் மேரி குழியில் போட வேண்டிய மூன்று கைப்பிடி மண் போடாமலே நின்றுபோனது.

"அவன் குழி மண்ண எட்டாந்து குடுப்பா. அவங்க அப்பன் குழி பக்கத்துல என் கையால போட்டுர்றேன்" என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து இறங்கிய சென்னை விமான நிலையத்தில் பச்சை வழி, சுங்கத்தில் காட்ட வேண்டிய பொருள் இருந்தால் சிவப்பு வழி என்று இரண்டு. அண்ணனைத் திருட்டுப் பொருள் மாதிரி கொண்டுபோக மனசு வராமல், இந்த அசடு தானாகவே சிவப்பில் போய் நின்று, மண் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டியது.

"வெளிநாட்டு மண்ணுக்கு அனுமதி வேணும் தம்பி. பூச்சி, கிருமி வரும்" என்றார் அதிகாரி.

"எங்க அண்ணன் சார் அது."

அவர் மண்ணை எடுத்துக்கொண்டு, டப்பாவைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். பையிலிருந்த ஒட்டகப் பொம்மையை யாரும் கேட்கவில்லை.

ஊருக்குப் போகும் பஸ் வாலாஜாபாத் தாண்டும்போது ஷூவுக்குள் ஏதோ உறுத்தியது. கல்லறையில் முட்டிபோட்டபோது ஏறிய மணல். ஒரு சிட்டிகை தேறும், அம்மாவுக்கு அது போதும். பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. ஒரு மணலும் சிந்தக் கூடாதென்று வீட்டில் போய்க் கழற்றுவதாக வந்தான்.

மேரி வாசலில் குடத்தோடு நின்றாள். அடக்கத்துக்குப் போய்வந்தவர்கள் கால் கழுவாமல் படியேறக் கூடாது. எட்டு மாதம் கழிந்தாலும் அவளுக்கு இதுதான் அடக்கம். அவன் ஷூவைக் கழற்றி, "இரும்மா" என்பதற்குள் காலையும் ஷூவையும் சேர்த்துக் கழுவி ஊற்றிவிட்டாள். வெள்ளை மணல் வாசல் மண்ணில் கலந்து மறைந்தது.

"எங்கப்பா மண்ணு?"

பிடுங்கிக்கொண்டதைச் சொன்னான். அவள் அழவில்லை. குனிந்து, காலடியில் ஈரமாகக் கிடந்த மண்ணை வாரினாள்.

"என் புள்ளய வாங்கிக்கினவன் நல்லா இருப்பானா" என்று தூற்றக் கையை ஓங்கினாள்.

சந்தோஷ்குமார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "தூத்தாதம்மா. ஷூவுக்குள்ள கொஞ்சம் மண்ணு வந்துக்கினு இருந்துச்சு. நீ ஊத்துன தண்ணில எறங்கிடுச்சு. உன் கையில இருக்கறதுலதான் அண்ணன் இருக்கான்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. சேற்று நீர் முழங்கை வரை வழிந்தது.

"டப்பாவத் தொறப்பா" என்றாள் மேரி.

முதல் கைப்பிடியை அதில் போட்டாள். இன்னும் இரண்டுக்காகக் குனிந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.