எட்டுப் படிச் சொந்தம்

1

இந்தக் கதை எனக்குக் குரலாகத்தான் கிடைத்தது. மிர்யாங் மலைச்சரிவில், முன்னோரின் கல்லறை மேட்டுக்கு இலையுதிர்காலப் படையல் வைக்க ஒரு குடும்பம் கூடியிருந்தது. திடீரென்று ஒரு பெண் கத்தினாள்.

"கிஹுன்! நீ எங்க இங்க?"

"எங்க முன்னோருக்குப் படையல்... இரு, நீ எங்க இங்க?"

முகங்களைப் பிறகுதான் பார்த்தேன்.

2

'அன்று காலைப் பனியில் மிரானின் கூந்தல்...' வேண்டாம். பனி யாருக்கு வேண்டும்?

மிரானும் கிஹுனும் சுவோன் நகரில் ஒரே அலுவலகம். கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவாகி, இன்னும் வீட்டில் சொல்லாதவர்கள். இருவருக்கும் குடும்பப் பெயர் பார்க்தான். தெருவுக்குத் தெரு பார்க் இருக்கிற நாட்டில், 'நீ எந்த வம்சத்து பார்க்?' என்று கேட்க இருவருக்குமே பயம். கிஹுனின் அப்பா தேஷிக் ஊர்ப் பக்கம் தலைகாட்டி வருடக்கணக்காகிறது. மகனை அழைத்துவந்த முதல் நாளே இப்படி.

ஒருவரிடமிருந்து பொது மூதாதைவரை ஏறி, அங்கிருந்து மற்றவர்வரை இறங்கினால், தலைமுறைக்கு ஒரு படி. எட்டுப் படிக்குள் என்றால் சட்டம் கல்யாணத்துக்கு விடாது. ஒன்பதென்றால் தடையில்லை.

(உங்கள் ஊரில் அத்தை மகளையே கட்டிக்கொள்ளலாமாம். இவர்களிடம் சொல்லிவிடாதீர்கள், மயங்கி விழுவார்கள்.)

3

கிஹுன் எல்லார் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைத்தான். தேஷிக் விரல் மடக்கினார்.

"மிரானோட அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, அப்புறம் இந்த மேட்டுல இருக்கறவர். நாலு. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, அதனால நம்ம பக்கமும் நாலு. எட்டு! போச்சு."

(இங்கே மிரானை அழவைக்கப் பார்த்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை.)

"வயசை வச்சு எண்ணாதீங்க. உங்க பக்கமும் ஒவ்வொருத்தரா எண்ணுங்க," என்றாள்.

அவளுடைய அத்தை ஒக்சன், வாயில் அரிசிக் கேக்கோடு சேர்ந்துகொண்டாள்.

"அதானே! நீங்க மூத்தவர் வீடு, இருபதுலயே பிள்ளை பெத்தவங்க. நாங்க கடைக்குட்டி வீடு, தலை நரைச்சப்புறம் பெத்தவங்க. மகன்லேர்ந்து ஏறு தேஷிக், பாக்கறேன்."

"நான் ஒண்ணு. அப்பா ரெண்டு. தாத்தா மூணு. கொள்ளுத்தாத்தா நாலு. இவர்... அஞ்சு!"

"ஒன்பது!" கிஹுன் துள்ளினான்.

4

"துள்ளாதடா! இவ உங்கப்பனுக்குத் தங்கச்சி முறை. உனக்கு அத்தை. அத்தையைப் பேர் சொல்லியா கூப்பிடறே? விழுந்து கும்பிடு!" என்றாள் ஒக்சன்.

"தங்கச்சி எப்படிம்மா எனக்கு மருமகளாவா?" தேஷிக் தலையில் கைவைத்தார்.

"அதை நான் பாத்துக்கறேண்ணா," என்றாள் மிரான்.

கிஹுன் நிஜமாகவே புல்லில் மண்டியிட்டான். 'ஐயோ, வேண்டாம்' என்று தடுக்கப்போன மிரானும் எதிரே மண்டியிட்டாள். இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்தன. ஆணும் பெண்ணும் இப்படி எதிரெதிரே குனிவது இந்த மண்ணில் மணமேடையில்தான்.

"அட, கல்யாணமே முடிஞ்சுபோச்சு!" என்று கத்தினாள் ஒக்சன்.

5

ஒரு முடிவில் தேஷிக் கோபித்துக்கொண்டு மலையிறங்கினார். அந்த வரியை அடித்துவிட்டேன். கள்ளுக் கிண்ணத்தை ஏந்தி, கண்ணில் நீர்வரச் சிரிக்கிற ஆளை எப்படி இறக்குவது?

இன்னொரு முடிவில் கிஹுன் எழுகிறான். அவளை என்னவென்று கூப்பிடுவான்? அத்தையென்றா, மிரானென்றா? வாய் திறக்கிறான்...

சுற்றிலும் ஒரே சிரிப்பு. எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் கொஞ்சம் பக்கத்தில் போய் நின்று கேளுங்களேன்.