யார் செய்த வினை

எண்பத்தாறாம் வருஷத்து ஆயுத பூசை. ஓசூரில் அந்தத் தொழிற்சாலையின் மிஷின்கள் எல்லாம் ஓய்ந்து நின்றன. போன மாதம் கங்கப்பனின் மூன்று விரல்களைத் துண்டித்த, தகடு அழுத்தும் பிரஸ்ஸுக்கும் சந்தனம் பூசி மாலை போட்டிருந்தார்கள். பேக்கிங்கில் வேலை பார்த்த அவன் தங்கை சென்னம்மாவுக்கு அதைப் பார்த்ததுமே வயிறு எரிந்தது.

பூசை முடிந்ததும் கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்த கோவிந்தப்பன் வாத்தியார் இந்து சமயத்தைப் பற்றிப் பேசினார். கடவுள் ஒருவர்தான், சிவன், பெருமாள், மாரியம்மன் எல்லாம் நாம் கூப்பிடும் பெயர்கள். எல்லா உயிருக்குள்ளும் அவரே இருக்கிறார். உடம்பு அழியும், ஆன்மா அழியாது. மறுபடி மறுபடி பிறந்து, செய்த வினையின் பலனை அனுபவிக்கும். தர்மத்தில் நின்றால் ஒருநாள் பிறவியிலிருந்து விடுதலை கிடைக்கும். சென்னம்மா தலையாட்டிக் கேட்டாள்.

பிறகு மானேஜர் மைக்கை வாங்கினார். "நம்ம கங்கப்பனையே எடுத்துக்குங்க. போன பிறவியில என்ன பண்ணானோ, இப்ப அனுபவிக்கிறான். கம்பெனியைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?"

சென்னம்மா எழுந்துவிட்டாள்.

"வாத்தியாரே, வினைன்னா என்னங்க?"

"நாம செய்யிற காரியம்மா."

"கை உள்ள போவாம இருக்க அந்த பிரஸ்ஸுல ஒரு தடுப்பு இருந்துச்சுங்க. வேலை மெதுவாவுதுன்னு அதைக் கழட்டச் சொன்னது இந்த சாரு. போன பிறவியில இல்லீங்க, போன மாசம்! செஞ்சது இவரு, வெரலு போனது எங்கண்ணனுக்கா? எல்லா உசுருலயும் சாமி இருக்குதுன்னீங்களே, எங்கண்ணன் உசுருல மட்டும் இல்லீங்களா?"

"உக்காரும்மா!" மானேஜர் கத்தினார்.

வாத்தியார் அவர் பக்கம் திரும்பினார். "அவங்க கேக்கறது நியாயம் சார். தான் செஞ்சதை அடுத்தவன் தலையெழுத்துன்னு சொல்றது தர்மம் இல்லீங்க."

அவசரமாகப் பொரியும் சுண்டலும் வந்தன. பிரஸ் ஆட்கள் யாரும் கை நீட்டவில்லை. மறுநாள் அவர்கள் மிஷினைத் தொடவும் மறுத்தார்கள். மத்தியானத்துக்குள் கம்பெனிக்காரர்கள் தடுப்பைத் திரும்ப மாட்டிவிட்டார்கள்.

நாலாம் நாள் சென்னம்மாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். சாமியை அவமதித்தாளாம்.

"நானா அவமதிச்சேன்?" என்று கம்பெனி வாசலில் நின்று ஆத்திரம் தீரச் சத்தம் போட்டாள். ஆத்திரம் தீரவில்லை. அப்படியே கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறி வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டினாள். லேபர் ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்த வாத்தியார், சாட்சி என்ற இடத்தில் தன் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.