சட்டத்தோட பேரை விடுங்க

"ஈரான் நாட்டு ஜீவனாம்சச் சட்டம் எந்த அலமாரியில இருக்கும்?"

"சட்டத்தோட பேரை விடுங்க, டாக்டர். யாருக்கு என்ன வேணும்? அதைச் சொல்லுங்க."

ஹாம்பர்க்கின் அயல்நாட்டுச் சட்ட நூலகத்தில் டெட்லெஃப் எகர்ஸும் வீப்கே லோரன்சனும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது இதுதான். அவர் அப்போது நீதிமன்றங்களுக்கு வெளிநாட்டுச் சட்டம் பற்றிக் கருத்துரை எழுத ஆரம்பித்திருந்த, சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்ற வழக்கறிஞர். அவளும் சட்டம் படித்தவள். கிழக்கு நாடுகளின் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தாள். விவாகரத்தான ஓர் ஈரானியப் பெண் திருமணத்தின்போது கணவன் தர ஒப்புக்கொண்ட மஹர் தொகையைக் கேட்டிருந்தாள். ஜெர்மன் சட்டத்தில் அதற்கு நிகரானது எதுவும் இல்லாததால், எகர்ஸ் ஜீவனாம்சம் என்றும் அன்பளிப்பு என்றும் தேடி ஒரு வாரத்தை வீணாக்கியிருந்தார். வீப்கே அவரைத் திருமண ஒப்பந்த நூல்கள் இருந்த அலமாரிக்கு அழைத்துப் போனாள்.

"நம்ம வீட்டுப் பேரை வெச்சுக்கிட்டு அடுத்தவங்க வீட்டுல தேடினா எப்படிக் கிடைக்கும்?"

அதன்பின் அவர் அங்கேயே குடியிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். எடுத்த புத்தகத்தின் இடத்தில் எடுத்தவரின் பெயர் எழுதிய சிறு பலகையைச் செருகி வைப்பது அந்த நூலகத்தின் வழக்கம். அலமாரிகளெங்கும் எகர்ஸின் பலகைகள் நின்றன. வேலி போடுகிறீர்களா என்று அவள் கேலி செய்வாள். மழை பெய்யும் பிற்பகல்களில் கீழ்த்தளத்தில் காபி. லவங்கப்பட்டை வாசம் வீசும் ஒரே பன்னை இருவரும் பிய்த்துத் தின்பார்கள். அவருடைய மனைவி பிரிந்து போனதும், அவளுடைய தாய் படுக்கையில் கிடந்து இறந்ததும் அந்த மேசையில்தான் பேசப்பட்டன. ஆனாலும் அவர் 'டாக்டர்', அவள் 'லோரன்சன் அம்மா'. என்னோடு வந்து இருங்களேன் என்று கேட்க வேண்டும் என எகர்ஸ் ஒவ்வொரு குளிர்காலமும் நினைத்தார். பனி உருகும், கேள்வி அப்படியே இருக்கும்.

இன்று அவளுக்குப் பணியின் கடைசி நாள். நாளைக் காலை ரயிலில், வடக்கே கடலோர ஊரான ஹூசுமுக்குப் போகிறாள். தங்கை வீட்டு மாடியில் அறை தயார்.

எகர்ஸ் அவள் மேசைமுன் நின்று தொண்டையைச் செருமினார்.

"போர்ச்சுகல்ல, கல்யாணம் பண்ணிக்காத ரெண்டு பேர், கொஞ்சம் வயசானவங்க, ஒரே வீட்டுல இருக்கணும்னா எந்தச் சட்டம்? வாடகைச் சட்டத்துல தேடினேன். இல்ல."

வீப்கே சிரித்துவிட்டாள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதே தப்பு. எழுந்து போய்க் குடும்பச் சட்ட நூலொன்றை எடுத்து வந்து விரித்தாள். அங்கே சேர்ந்து வாழ்பவர்களுக்குத் தனிச்சட்டம் உண்டு, ஸ்வீடனிலும் உண்டு என்று சொல்லிக்கொண்டே போனவள், எந்த நீதிமன்றத்து வழக்கு என்று கேட்டாள்.

வழக்கு இல்லை என்றார் அவர். போர்ச்சுகலும் இல்லையாம்.

அவள் விரல் பக்கத்தின் மேலேயே நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். எடுத்த நூலின் இடத்தில் அவள் பலகை வைக்க மறந்துவிட்டது அவருக்குத் தெரிந்தது; அவள் அப்படி மறந்து அவர் பார்த்ததில்லை.

"சட்டம் இருக்கட்டும்," என்றாள், மெதுவாக. "யாருக்கு என்ன வேணும்?"

எகர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குத்தான்," என்றார். "ஹூசுமுக்குப் போகாதீங்க, வீப்கே. என் வீட்டுக்கு வந்துடுங்க."